'பயனுள்ள மேற்குழாய்': அப்படியானால் பயனற்றது எது?

பழைய மவுண்டன் பைக் வாங்க நினைப்பவர்களுக்காகத் தமிழில் வரும் குறிப்புகளில் "பயனுள்ள மேற்குழாய் நீளம் 58 செ.மீ." என்ற வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. மேற்குழாய் என்பது சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே மேலே ஓடும் பிரேம் குழாய். மற்ற குழாய்கள் எல்லாம் சும்மா அழகுக்கா? ஆங்கிலத்தில் 'எஃபெக்டிவ் டாப் டியூப்'. எஃபெக்டிவ் என்பது 'செய்து முடி' என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அகராதியில் முதலில் நிற்கும் பொருள் 'பயன் தரும்'. மொழிபெயர்ப்பாளர் அதோடு நின்றுவிட்டார். பொறியியலில் அது 'ஈடாக நிற்கும்' என்ற பொருளில் வரும் என்பதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

விஷயம் இவ்வளவுதான். 1981இல் வந்த ஸ்டம்ப்ஜம்பர் போன்ற தொடக்ககால மவுண்டன் பைக்குகளில் மேற்குழாய் ஏறக்குறைய தரைக்கு இணையாக இருக்கும். டேப்பை அதன் மேலேயே வைத்து அளந்தால் போதும். பிறகு, காலை ஊன்றி நிற்க இடம் வேண்டும் என்று குழாயைப் பின்பக்கம் தாழும்படி சாய்த்தார்கள். சீட் குழாயும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், மேற்குழாய் கீழே போய் இணையும்போது அதன் நீளம் குறைகிறது. ஓட்டுபவர் உட்காருவதோ அதற்கு மேலே. சீட் குழாய் தரையோடு 73 பாகையில் இருந்தால், 5 செ.மீ. மேலே போகும்போது சுமார் ஒன்றரை செ.மீ. பின்னே போகும். அதனால் ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாயின் உச்சி நடுவிலிருந்து, சீட்டைத் தாங்கும் கம்பியான சீட் போஸ்டின் நடுவுக்கு, ரசமட்டம் வைத்து, கிடையாக அளக்கிறார்கள். அந்த இடத்தில் குழாயே கிடையாது, வெறும் காற்று! இல்லாத குழாய்க்குத்தான் 'பயனுள்ள' என்று பட்டம்.

இதைத் திருத்த வந்த தூய தமிழ் அன்பர்கள் 'செயலுறு மேற்குழாய்' என்கிறார்கள். பயனுள்ளதைவிட இது மோசம். முன்னது தவறு என்றாவது தெரிகிறது. பின்னது ஏதோ பெரிய நுட்பம்போல மிரட்டுகிறது. செயலுறு என்றால் செயல்படுகிற. குழாய் என்ன செயல்படுகிறது? சொல்லின் ஒவ்வொரு துண்டும் தமிழாக இருந்துவிட்டால் முழுச் சொல்லும் தமிழாகிவிடாது. 'கிடைநீளம்' என்று சொல்லுங்கள். கிடையாக அளந்த நீளம், விளக்கமே வேண்டாம். மேற்குழாய்க்கும் நம் ஊரில் 'பார்' என்று பெயர் இருக்கிறது. அப்பா ஓட்ட, முன்னால் பாரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கு 'பார் கிடைநீளம்' உடனே புரியும். 'பார்' ஆங்கிலமாயிற்றே என்பவர்கள் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டு வாதாடலாம்.

இந்த வகைக் கோளாறு இதோடு நிற்கவில்லை. பிரேம் சைஸை 'சட்ட அளவு' என்று எழுதினால் நீதிமன்றம் நினைவுக்கு வருகிறது. 'சட்டக அளவு' சரி. 'சட்டக உயரம்' தவறு, ஏனென்றால் அது உயரமே இல்லை. 18 அங்குலம் என்பது பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட் குழாயோடு அளந்த நீளம். சிலர் குழாயின் நுனிவரை அளப்பார்கள், சிலர் பார் வந்து சேரும் இடத்தின் நடுவரை. ஒரே வண்டி இருவர் கையில் ஓர் அங்குலத்துக்கும் மேல் வேறுபடலாம். அந்தச் சீட் குழாயை 'ஆசனக் குழாய்' என்று எழுதிய புண்ணியவானும் உண்டு. எனிமா கொடுக்கிற சாமான் என்று நினைத்தேன். அப்புறம், நம் கடைகளில் 22, 24 என்றால் பழைய கறுப்பு சைக்கிளின் பிரேம் அளவு; 26 என்றால் சக்கரம். "26 அங்குலச் சட்டகம்" என்று கூசாமல் எழுதுகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழைய மவுண்டன் பைக்கில் 26 பெரும்பாலும் சக்கரம்தான்.

ஆகவே விற்பவரிடம் 18ஆ 20ஆ என்று மட்டும் கேட்காதீர்கள். கிடைநீளத்தைக் கேளுங்கள், ஹேண்டிலைத் தாங்கும் ஸ்டெம்மின் நீளத்தையும் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் 13 செ.மீ. ஸ்டெம் சாதாரணம். இன்றைய 5 செ.மீ. ஸ்டெம்மை அதில் மாட்டினால் கைப்பிடி 8 செ.மீ. நம் பக்கம் வந்துவிடும், பொருத்தமான சட்டகமும் சின்னதாகத் தெரியும்.