வளர்ப்பு ஆமைக்கு ஓர் எடைக் குறிப்பேடு

இங்கிலாந்தில் ஆமை வளர்ப்போர் பலர் அதைத் தொந்தரவு தராத பிராணி என்றே கருதுகிறார்கள். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் கால்நடை மருத்துவர் என்ற முறையில் நான் காண்பது வேறு. என்னிடம் நலிந்து வரும் ஆமைகளில் பெரும்பாலானவை, வளர்ப்பவரின் அன்றாடப் பார்வையிலிருந்து விலகியிருந்த காலத்தில் நோயுற்றவை. விடுமுறையின்போது வேறிடத்தில் விடப்படும் வாரங்கள், குளிர்கால உறக்கம், வளர்த்தவர் மறைந்தபின் கைமாறும் காலம் ஆகிய மூன்றும் அத்தகையவை. இம்மூன்றிலும் நான் முதலில் கேட்பது எடைக் குறிப்பேட்டைத்தான். சமையலறைத் தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும் என்றாலும், அதைக் கொண்டுவருவோர் மிகச் சிலரே.

எல்லா ஆமைகளும் குளிர்காலத்தில் உறங்குபவை அல்ல. ஹெர்மன் ஆமை, தொடையில் முள் உள்ள கிரேக்க ஆமை, ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை ஆகியவை உறங்கும். ஆப்பிரிக்கச் சுல்கட்டாவும் சிறுத்தை ஆமையும் நம் ஊர் நட்சத்திர ஆமையும் உறங்குவதில்லை; அவற்றைக் குளிரில் வைப்பது கொல்வதற்குச் சமம். (நட்சத்திர ஆமையை இந்தியாவில் வீட்டில் வளர்ப்பதே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், 2019 முதல் அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது.) ஆகவே, இனத்தை உறுதிசெய்யாமல் உறக்கத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

உறங்கும் இனமாக இருந்தாலும், உறக்கத்துக்கு முந்தைய வாரங்களே அதன் பிழைப்பைத் தீர்மானிக்கின்றன. குளிரில் செரிமானம் நின்றுவிடுவதால், குடலில் தங்கிய உணவு அங்கேயே அழுகும். எனவே, உடலின் அளவைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு முன்பே உணவை நிறுத்திவிட்டு, வெப்பத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. அக்காலம் முழுவதும் ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் அடிக்கடி அமர்த்தி, உடலில் நீர் நிறைந்த நிலையில்தான் உறங்க அனுப்ப வேண்டும். உணவை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரிடம் காட்டி, வாயையும் மூக்கையும் பார்த்து, எச்சத்தில் புழு உண்டா என்று சோதித்துக்கொள்வது நல்லது. எடை குறைந்த ஆமையையும் நோயுற்ற ஆமையையும் அந்த ஆண்டு உறங்கவிடாமல், விளக்கின் வெப்பத்தில் விழிப்பாகவே வைத்திருக்கலாம்.

உறக்கத்துக்கு ஏற்ற வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி செல்சியஸ். உறைநிலைக்குக் கீழே போனால் கண் பார்வை பறிபோகும், கால்கள் கருகும், உயிரும் போகலாம். 10 டிகிரிக்கு மேலே போனால் ஆமை பாதி விழித்த நிலையில், உண்ணாமலே தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கும். இங்கே தலைமுறைகளாகப் பழகிய முறை, வைக்கோலோ காகிதத் துண்டுகளோ நிரப்பிய பெட்டியைத் தோட்டக் கொட்டகையில் வைப்பது. அம்முறையை இப்போது நான் பரிந்துரைப்பதில்லை. டிசம்பரில்கூடத் திடீரென வெயில் ஏறிவிடுகிறது. எலிகள் உறங்கும் ஆமையின் கால்களைக் கடித்துத் தின்றுவிடுவதும் உண்டு. அதற்கென ஒதுக்கிய குளிர்பதனப் பெட்டியே பாதுகாப்பானது. உள்ளே தண்ணீர் புட்டிகளை அடுக்கினால் வெப்பநிலை ஏறி இறங்காது. ஓரிரு நாளுக்கு ஒருமுறை கதவைத் திறந்து காற்றை மாற்ற வேண்டும். பெட்டியின் அளவியை மட்டும் நம்பாமல் தனி வெப்பமானி ஒன்றையும் வைக்க வேண்டும்.

வாரம் ஒருமுறை எடுத்து எடை பார்ப்பதால் உறக்கம் கெடாது. மாதத்துக்கு 1 சதவீதம் அளவிலான இழப்பு இயல்பானது. மொத்த இழப்பு 10 சதவீதத்தை நெருங்கினாலோ, ஆமை பெட்டிக்குள் சிறுநீர் கழித்திருந்தாலோ உடனே எழுப்பிவிட வேண்டும். எழுப்பியபின் மீண்டும் உறங்க வைக்கக் கூடாது. விழித்ததும் முதல் தேவை உணவன்று, நீர். வெதுவெதுப்பான நீரில் அமர்த்தி, வெப்ப விளக்கின் கீழ் விட்டபின், ஒரு வாரத்துக்குள் அது உண்ணத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் கொண்டுவர வேண்டும். "இன்னும் தூக்கக் கலக்கம்" என்று ஏப்ரல் முழுவதும் காத்திருந்து கொண்டுவரப்படும் ஆமைகளைக் காப்பாற்றுவது கடினம்.

விடுமுறைக்காலப் பராமரிப்பு நிலையங்களைப் பற்றி ஒரு செய்தி பலருக்கும் தெரிவதில்லை. இங்கிலாந்தின் 2018ஆம் ஆண்டு உரிம விதிகளின்படி, நாய்களையும் பூனைகளையும் தங்கவைக்கும் இடங்களுக்கே உரிமம் தேவை. ஆமைகளைத் தங்கவைப்போருக்குத் தேவையில்லை. எனவே, இடத்தைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் உங்களுடையது. மற்ற ஆமைகளோடு அது சேர்க்கப்படுமா என்பதே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி. கிரேக்க ஆமைகள் வெளியே தெரியாமல் சுமந்து திரியும் ஹெர்பீஸ் வைரஸ், ஹெர்மன் ஆமைகளையும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைகளையும் கொன்றுவிடக்கூடும். தனித் தொட்டி, தனித் தண்ணீர்த் தட்டு, புறஊதா விளக்கு ஆகியவை இல்லாத இடத்தைவிட, உங்கள் வீட்டுக்கே வந்து கவனிக்கும் அண்டை வீட்டாரே மேல்.

கைமாற்றத்தைப் பற்றிப் பேச, செல்போர்ன் கிராமத்தின் டிமோதியைவிட நல்ல சான்று இல்லை. இயற்கை ஆய்வாளர் கில்பர்ட் வைட், அத்தை இறந்தபின் 1780 மார்ச்சில் அந்த ஆமையை உறக்கத்திலிருந்தே தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுபோனார். வண்டியின் குலுக்கலில் அது முழுதும் விழித்துக்கொண்டது. இன்று யாரேனும் அப்படிச் செய்தால் நான் தடுத்துவிடுவேன். ஆயினும் டிமோதி பிழைத்து, 1793இல் வைட் மறைந்தபின்பும் சில மாதங்கள் வாழ்ந்தது. பின்னர் ஆராய்ந்ததில் அது பெண் ஆமை என்றும் தெரிந்தது. வளர்ப்பவரைவிட நெடுங்காலம் வாழக்கூடிய விலங்கு என்பதால், அடுத்த பொறுப்பாளரின் பெயரை உயிலிலேயே எழுதிவைப்பது முறை. ஹெர்மன், கிரேக்க ஆமைகளை விற்கவோ விற்பனைக்கு விளம்பரம் செய்யவோ அரசுச் சான்றிதழ் வேண்டும். அன்பளிப்பாகக் கொடுத்தாலும் சான்றிதழும் மைக்ரோசிப் எண்ணும் ஆமையோடு போவதே சரி.

மாற்றத்துக்கு உகந்த காலம் வசந்தத்தின் பிற்பகுதி. ஆமை விழித்து, நன்றாக உண்ணத் தொடங்கியிருக்கும். புது வீட்டில் வேறு ஆமைகள் இருந்தால், குறைந்தது ஆறு மாதமாவது தனியே வைக்க வேண்டும். பழைய எடைக் குறிப்பேடு கிடைக்காமல் வந்த ஆமையை அந்த முதல் குளிர்காலத்தில் உறங்கவிட வேண்டாம் என்றே நான் கூறுவேன். ஓராண்டு எடையைக் குறித்தபின் அடுத்த குளிர்காலத்தில் முடிவு செய்துகொள்ளலாம்.