உணரி

காரைக்குடியின் மின்சாதனக் கடைகளில் ‘சென்சார் லைட்’ கேட்டால், ஆள் நடமாட்டம் கண்டதும் தானே எரியும் விளக்கை எடுத்துத் தருவார்கள். படம் பார்க்கிறவர்களிடம் அதே சொல்லைச் சொன்னால், காட்சியை வெட்டுகிற வாரியம் நினைவுக்கு வரும். 1940களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். ஸ்டூடியோ இயங்கிய வட்டாரம் இது. ஆகவே செட்டிநாட்டுக்கு மூத்த சென்சார் வெட்டுகிறவர்தான். விளக்கேற்றுகிறவர் பின்னால் வந்தவர். நான் இங்கே பேச வந்தது இந்த இரண்டாமவரின் இனத்தைச் சேர்ந்த ஒரு கருவியைப் பற்றி: நாற்காலியில் விரித்து, ஒருவர் உட்காரும் விதத்தைக் கொண்டு அவர் மனம் எவ்வளவு பாடுபடுகிறது என்று கணிக்கப் பயன்படுவது. அந்த ஆய்வைத் தமிழில் எழுத எந்தச் சொற்கள் பொருந்தும் என்பதே கேள்வி.

தமிழ் எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இவ்விரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை. வாரியத்தின் சென்சார், ‘மதிப்பிடு’ என்னும் பொருளுடைய ‘சென்செரே’ என்ற இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது. பழைய ரோமில் குடிகளை எண்ணி, சொத்தை மதிப்பிட்டு, ஒழுக்கத்தையும் மேற்பார்த்த அதிகாரிக்கு அந்தப் பெயர். மக்கள்தொகைக் கணக்கைக் குறிக்கும் ‘சென்சஸ்’ இதன் உடன்பிறப்பு. இதற்குத் தமிழில் ‘தணிக்கை’ என்று வைத்தது நல்ல பொருத்தம். பேரேட்டைச் சரிபார்ப்பதும் படத்தைச் சரிபார்ப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. கருவியான சென்சாரோ ‘சென்டிரே’ என்ற வினையின் வழி வந்தது. அதற்குப் பொருள் ‘உணர்’. நம் கலைச்சொல்லும் அதே வழியில் சென்று ‘உணரி’ ஆயிற்று.

சொல்லின் கட்டமைப்பில் குறை இல்லை. கடத்துவது கடத்தி, மாற்றுவது மின்மாற்றி, பெருக்குவது ஒலிபெருக்கி என்ற வரிசையில் உணர்வது உணரி. ‘உணர்வி’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உணர்ச்சியின் பக்கம் சாய்கிறது, வேண்டாம். ‘உணர்கருவி’ தெளிவானதுதான், ஆனால் ‘அழுத்த’, ‘வெப்ப’ என்று முன்னொட்டுச் சேரும்போது நீண்டுவிடுகிறது.

என் தயக்கம் வேரில் இருக்கிறது. பழந்தமிழில் ‘உணர்தல்’ வெறும் தொடுகை அன்று. ‘கற்றது உணர விரித்துரையாதார்’ என்று வள்ளுவர் சொல்லும்போது, கேட்பவர் பொருள் விளங்கிக்கொள்வதே உணர்தல். காமத்துப்பாலில் ‘ஊடல் உணர்தல்’ என்றால் பிணக்குத் தீர்ந்து தெளிவது. மேனியில் பட்டு அறிவதற்குத் தொல்காப்பியம் வேறு சொல் வைத்திருக்கிறது: ‘ஒன்றறிவதுவே உற்றறிவதுவே’. நாற்காலியில் வைத்த கருவி செய்வது இந்த உற்றறிதலைக்கூட எட்டாத ஒன்று. அது உறுகிறது, அறிவது வேறொருவர்.

எப்படி உறுகிறது? உலோகக் கம்பியை இழுத்தால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, காட்டினார். மளிகைக்கடை மின்னணுத் தராசுக்குள் இருப்பது அந்தக் கொள்கைதான். இருக்கையில் விரிக்கும் அழுத்த உணரி விரிப்பில் கம்பிக்குப் பதிலாக, அமுங்கினால் மின்தடை குறையும் மெல்லிய படலத்தைப் பயன்படுத்துவது வழக்கம். எந்தப் புள்ளியில் எவ்வளவு எடை இறங்குகிறது என்ற வரைபடம் கிடைக்கும். முன்னால் குனிந்திருக்கிறாரா, பின்னால் சாய்ந்திருக்கிறாரா, ஒரு தொடையில் பாரத்தைப் போட்டிருக்கிறாரா என்பது அதில் தெரிந்துவிடும். முதுகில், அசைவையும் சாய்வையும் அளக்கும் முடுக்கமானி ஒட்டினால் கூனலின் கோணமும் தெரியும். இதற்கு ‘அமர்நிலை’ என்ற சொல் போதும். ‘ஆசனம்’ என்றால் வாசகர் யோகப் பயிற்சியை நினைப்பார்.

2003இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த செலின் மோட்டாவும் ரோசலிண்ட் பிக்கார்டும் இத்தகைய விரிப்புகளை இருக்கையிலும் சாய்மானத்திலும் பொருத்தினார்கள். கணினியில் பயிலும் சிறுவர்கள் உட்காரும் விதத்தைக் கொண்டு அவர்களுடைய ஆர்வத்தைக் கணிப்பது நோக்கம். அமர்நிலையை அளப்பது அங்கே முதல் படி மட்டுமே. அதிலிருந்து மனத்துக்குத் தாவுவது அடுத்த படி. சிக்கல் அந்தத் தாவலில்தான்.

மனம் எவ்வளவு பாடுபடுகிறது என்பதைக் குறிக்க ‘மனச்சுமை’ என்று எழுதுவதை நான் ஏற்கவில்லை. தமிழில் மனச்சுமை கவலை; கடன்காரனுக்கு இருப்பது. உடலுழைப்புக்கு இணையாக ‘மூளையுழைப்பு’ என்ற சொல் மக்கள் வாயிலேயே இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவானேன்? அந்த உழைப்பின் அடையாளங்களைத் தேடியவர்கள் முதலில் கண்ணைத்தான் பார்த்தார்கள். பெருக்கல் கணக்கை மனத்தில் போடும்போது கண்மணிப்பாவை விரிகிறது என்று 1964இல் ஹெஸ், போல்ட் என்ற உளவியலாளர்கள் எழுதினார்கள். இரண்டு ஆண்டு கழித்து அதே துறையின் கானமன், பீட்டி இருவரும், நினைவில் நிறுத்தவேண்டிய எண்கள் கூடக்கூடப் பாவை விரிவதைக் காட்டினார்கள். இதயத் துடிப்புகளுக்கு இடையிலான கால வேறுபாடு, தோலின் மின்கடத்தல், மூளை அலைகள் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. ஆனால் பாவை வெளிச்சம் குறைந்தாலும் விரியும். தோல் பயத்திலும் வியர்க்கும். அதனால்தான் 1988இல் வெளியான நாசாவின் பணிச்சுமை அளவுகோல், வேலை செய்தவரையே ஆறு வினா கேட்டுவிடுகிறது.

செட்டிநாட்டு வீட்டு முகப்பில் கைப்பெட்டியைச் சாய்மேசையாக்கி, சம்மணமிட்டு ஐந்தொகை, அதாவது இருப்புநிலைக் கணக்கு, போடும் கணக்குப்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். அவருக்குக் கீழே விரிப்பைப் போட்டால் என்ன கிடைக்கும்? சாய்மானம் இல்லாததால் ‘சலிப்பு வந்தால் பின்னால் சாய்வார்’ என்ற நாற்காலி விதி இங்கே செல்லாது. பாரம் இறங்கும் இடங்களும் வேறு. கணுக்காலும் பங்கு கேட்கும். கணக்கு உதைக்கும் வேளையில் அவர் அசையாமல் இருப்பார். பக்கத்தில் வேலை பழகும் பெட்டியடிப் பையன் உட்கார்ந்தபடியே உறங்கினாலும் அசையமாட்டான். விரிப்புக்கு இருவரும் ஒன்று. அசைவின்மையோடு கண், இதயம், செய்துமுடித்த வேலை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் யார் உழைத்தார் என்று சொல்ல முடியும்.

இப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. தொல்காப்பியம் உத்திகளை அடுக்கும் இடத்தில் ‘உய்த்துக்கொண்டு உணர்தல்’ என்கிறது. வெளிப்படையாகச் சொல்லாததை, சொன்னதைக் கொண்டு அறிவது. ஆகவே கட்டுரை எழுதுகிறவர்கள் இரண்டு வினைகளையும் பிரித்துக் கையாளலாம். அமர்நிலை உணரியால் அளக்கப்படுகிறது, மூளையுழைப்பு உய்த்துணரப்படுகிறது. ‘மாணவரின் உழைப்பை உணரி உணர்ந்தது’ என்ற வாக்கியத்தைக் கண்டால் அடித்துவிட்டு, ‘உணரியின் அளவீடுகளிலிருந்து ஆய்வாளர் உய்த்துணர்ந்தார்’ என்று திருத்துவேன். துறையின் பெயராக ‘உணரிவழி அமர்நிலை ஆய்வு’ நன்றாகவே நிற்கிறது. கடையில் விளக்கு வாங்கும்போது மட்டும் ‘சென்சார் லைட்’ என்றே கேளுங்கள்.