கட்டை ஏறிய நாதஸ்வரம்

திருப்பரங்குன்றத்தில் வீடியோ எடுத்த கல்யாணம் அது. ரெக்கார்டரின் மெமரி கார்டு கெட்டுப்போய், எப்படியோ மீட்ட ஒலிக் கோப்பில் முன்பக்கத் தகவல் மட்டும் அழிந்திருந்தது. நொடிக்கு எத்தனை சாம்பிள் என்று மென்பொருள் என்னிடமே கேட்டது. பழக்கதோஷத்தில் 48,000 என்று தட்டினேன். இரண்டு கட்டைச் சுருதியில் வாசித்த நாதஸ்வரம் இரண்டரையைத் தாண்டி மூன்றை எட்டப் பார்த்தது. ஒரு மணி நேர வாசிப்பு 55 நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. வாசித்த அண்ணன் கேட்டுவிட்டு, "தம்பி, என் சீவாளியை மாத்திட்டீங்களா?" என்றார்.

உண்மையில் அது 44,100-இல் பதிவான கோப்பு. மைக்கிலிருந்து வரும் மின் அலையை நொடிக்கு எத்தனை தடவை அளந்து எண்ணாக எழுதுகிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட். நொடிக்கு 44,100 என்று எழுதியதை 48,000 வீதம் படித்தால் சீக்கிரம் தீரும், சுருதியும் ஏறும்.

மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைப் பிடிக்க இரு மடங்குக்கு மேல் அளந்தால் போதும். அப்படிப் பார்த்தால் 44,100-ஏ தாராளம். வீடியோவில் 48,000 வைத்திருப்பது கணக்குச் சௌகரியத்துக்காக. நொடிக்கு 25 பிரேம் என்றால் பிரேமுக்குச் சரியாக 1,920 சாம்பிள். 24 என்றால் 2,000. 44,100-ஐ 24-ஆல் வகுத்தால் 1,837.5 வருகிறது, அரை சாம்பிளை எங்கே வைப்பது? வேடிக்கை என்னவென்றால், சிடிக்கு வந்த அந்த 44,100-ஏ வீடியோ டேப்பில் பிறந்ததுதான். அன்றைக்கு டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள்: நொடிக்கு 50 புலம் (ஒரு பிரேமின் பாதிக் கோடுகள் சேர்ந்தது ஒரு புலம்), புலத்துக்கு 294 கோடு, கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கிப் பாருங்கள்.

சரி, பிட் டெப்த்? ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமான அடிக்கோலால் எடுக்கிறோம் என்பது அது. 16 பிட்டில் 65,536 படிகள். 24 பிட்டில் ஒன்றே முக்கால் கோடிக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிட் கூடினால், பதிய முடிகிற மிக மெல்லிய ஒலிக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே ஏறத்தாழ 6 டெசிபல் இடம் கூடும்.

இதன் அருமை கெட்டிமேளத்தின்போதுதான் தெரியும். ஐயர் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டிருப்பார். கை காட்டியதும் தவில் வெடிக்கும். மந்திரத்துக்கு ஏற்ப லெவல் வைத்திருந்தால், டைம்லைனில் அலையின் தலை அரிவாளால் சீவியது போல மட்டமாக நிற்கும். சீவிப்போனது போனதுதான். 24 பிட்டில் உச்சத்துக்கு 18 டெசிபல் கீழேயே வைத்துப் பதியலாம். மூன்று பிட் போனாலும் 21 மிச்சம். அதையே 16 பிட்டில் செய்தால் மிஞ்சுவது 13. அப்புறம் மந்திரத்தைத் தூக்கும்போது இரைச்சலும் கூடவே எழும். கல்யாண வேலைக்கு சாம்பிள் ரேட்டை 96,000 வைப்பவர்களும் உண்டு. என்னைக் கேட்டால், கார்டு நிறைவதுதான் மிச்சம்.

இப்போது உச்சத்துக்கு மேலேயும் எண் எழுத இடமுள்ள 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர்கள் வந்திருக்கின்றன. உச்சத்தைத் தாண்டிய ஒலியையும் எடிட்டிங்கில் இறக்கி மீட்டுவிடலாம். ஆனால் தவிலின் வலந்தலைப் பக்கம் ஒட்டிவைத்த மைக்கே திணறிவிட்டால் அதுவும் கைகொடுக்காது. நான் மைக்கை நாலடி தள்ளித்தான் வைக்கிறேன்.