அமெரிக்கப் படிப்பும் பகுதிநேர வேலையும்: கணக்குப் பிழைக்கும் இடம்

பிள்ளையை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்புவது பற்றிக் கேட்க வரும் பெற்றோர் பலர் ஒரு கணக்கோடுதான் வருகிறார்கள். திருகோணமலையில் உவர்மலையிலிருந்து வந்தாலும் மூதூரிலிருந்து வந்தாலும் கணக்கு ஒன்றுதான். காணியை ஈடு வைத்து முதலாம் வருடக் காசைக் கட்டுவோம், மிச்சத்தைப் பிள்ளை அங்கே பகுதிநேர வேலை செய்து பார்த்துக்கொள்ளும். லண்டனில் மச்சானின் மகன் அப்படித்தான் சமாளித்தான், மெல்பேர்னில் சித்தியின் மகள் அப்படித்தான் சமாளிக்கிறாள் என்பார்கள்.

சரி, அந்த நாடுகளில் அது ஓரளவு நடக்கும். பிரித்தானியாவில் பட்டப்படிப்பு மாணவர் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம். அவுஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. கனடாவில் 2024 நவம்பரிலிருந்து வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24. சொந்தத் தொழில் போன்ற சில தடைகளை விட்டால், கடையிலா ஹோட்டலிலா என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. வேலை உரிமை மாணவர் விசாவோடு சேர்ந்தே வருகிறது.

அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே பெரும்பாலான மாணவர்கள் எஃப்-1 விசாவில் போகிறார்கள். அந்த விசாவில் கம்பஸுக்குள் வேலை செய்யலாம்: நூலகம், சாப்பாட்டு மண்டபம், ஆய்வுகூடம். தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம், விடுமுறையில் முழுநேரம். கம்பஸின் வாசலைத் தாண்டினால் ஒரு மணித்தியால வேலைக்கும் தனி அனுமதி வேண்டும், அதுவும் வேலை தொடங்குவதற்கு முன்பே. முதலாவது கல்வியாண்டில் அந்த அனுமதி அநேகமாகக் கிடைக்காது. ஈடு வைத்த காணியை மீட்பது பற்றி அப்பா யோசிக்கத் தொடங்குவதும் அந்த வருடத்தில்தான்.

பெற்றோல் செட்டிலோ சாப்பாட்டுக்கடையிலோ காசைக் கையில் தருவார்கள், யாருக்குத் தெரியும் என்று சொல்லும் ஏஜென்ட்மார் இருக்கிறார்கள். ஊபர் ஓட்டுவதை வேலை என்றே நினைக்காத பிள்ளைகளும் உண்டு. அதுவும் வேலைதான். அனுமதியில்லாமல் வேலை செய்தால் மாணவர் நிலை போய்விடும். வேறு காரணத்தால் நிலையை இழந்தவர் அதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம், ஆனால் அனுமதியற்ற வேலை செய்தவருக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். இதை எந்த ஏஜென்ட்டும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சட்டப்படி வெளியே வேலை செய்ய உள்ள வழிகளில் பிள்ளைகள் அதிகம் கேட்பது சிபிடி, ஓபிடி என்ற இரண்டு பயிற்சி வேலை அனுமதிகளைத்தான். சிபிடி என்பது பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகச் செய்யும் பயிற்சி வேலை. பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவருக்குப் பொறுப்பான அதிகாரி, டிஎஸ்ஓ என்பார்கள், அவர்தான் அதை மாணவர் நிலையைக் காட்டும் ஐ-20 படிவத்தில் பதிந்து தருவார். எந்த நிறுவனம், எந்தத் திகதியிலிருந்து எதுவரை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் புதிய பதிவு வேண்டும். முழுநேர சிபிடியை 12 மாதம் செய்து முடித்தால் அதே மட்டப் பட்டத்துக்கான ஓபிடி இல்லாமல் போகும். முதல் நாளிலிருந்தே சிபிடி என்று கூவி விற்கும் கல்லூரிகளைக் கண்டால் நான் பெற்றோரிடம் நிதானிக்கச் சொல்வேன். உடனடிப் பயிற்சியைக் கட்டாயமாகக் கேட்கும் பட்டமேற்படிப்புகளுக்கு மட்டும் விதி அதை அனுமதிக்கிறது. வேலைக்காகவே சேர்ந்தது போலத் தெரிந்தால், பின்னாளில் விசா மாற்றும்போது அதிகாரிகள் தோண்டிக் கேட்பார்கள்.

ஓபிடி என்பது பெரும்பாலும் படிப்பு முடிந்தபின் செய்யும் பயிற்சி வேலை. படித்த துறையில் 12 மாதம். பட்டம் முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து, முடிந்து 60 நாள் வரை விண்ணப்பிக்கலாம். டிஎஸ்ஓ பரிந்துரைத்த 30 நாளுக்குள் வேலை அனுமதிக்கான ஐ-765 விண்ணப்பப் படிவம் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். வேலை அனுமதி அட்டை கைக்கு வந்து, அதிலுள்ள தொடக்கத் திகதியும் வந்த பிறகுதான் வேலைக்குப் போகலாம். மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த ஸ்டெம் பட்டங்களுக்கு மேலும் 24 மாதம் கிடைக்கும், ஆனால் வேலை தரும் நிறுவனம், வேலை உரிமையைச் சரிபார்க்கும் ஈ-வெரிஃபை என்ற அரச முறையில் பதிந்திருக்க வேண்டும். ஒரு விஷயம்: பட்டத்தின் பெயரை வைத்து ஸ்டெம் என்று முடிவு கட்டாதீர்கள். ஐ-20இல் உள்ள ஆறிலக்கப் பாடக் குறியீடுதான் கணக்கு. வணிகப் பகுப்பாய்வு ஒரு பல்கலைக்கழகத்தில் ஸ்டெம்மாகவும் இன்னொன்றில் இல்லாமலும் இருக்கலாம். சேரும் முன்பே கேளுங்கள்.

ஃபுல்பிரைட் போன்ற புலமைப்பரிசிலில் ஜே-1 விசாவில் போகிறவர்களுக்கு விதி வேறு. அவர்கள் முதலில் கேட்க வேண்டியது அந்தத் திட்டத்தின் பொறுப்பதிகாரியிடம்.

நம் ஊர்ப் பிள்ளைகள் கேள்விப்படாத இன்னொரு வழி இருக்கிறது: கடும் பொருளாதார நெருக்கடிக்கான அனுமதி. உப்புவெளியில் விருந்தினர் விடுதி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு வெள்ளைக்காரர் வரவில்லை. அடுத்த வருடம் கொரோனா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. வருடத்துக்கு 20,000 டொலர் கட்ட 40 இலட்சம் போதும் என்றிருந்த வீட்டுக்கு அதே 20,000 டொலர் 72 இலட்சமாகிவிட்டது. பிள்ளையின் பிழை இதில் எதுவுமில்லை.

இப்படிப்பட்ட நிலைக்காகவே அந்த விதி இருக்கிறது. நாணய மதிப்பு பெரிதாகச் சரிவது, காசு அனுப்புபவரின் வருமானம் எதிர்பாராமல் விழுவது, உதவித்தொகையோ கம்பஸ் வேலையோ தன் பிழையின்றிப் போவது, எதிர்பாராத மருத்துவச் செலவு, கட்டணம் அளவுக்கு மீறி ஏறுவது எல்லாம் காரணங்களாக ஏற்கப்படும். ஒரு முழுக் கல்வியாண்டு முடிந்திருக்க வேண்டும், படிப்பு ஒழுங்காக இருக்க வேண்டும், கம்பஸ் வேலை கிடைக்கவில்லை அல்லது போதவில்லை என்று காட்ட வேண்டும். கிடைத்தால் தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலம் வெளியே வேலை செய்யலாம், படித்த துறையிலேயே இருக்க வேண்டியதில்லை. ஓபிடி மாதங்களிலும் இது கழியாது.

ஆனால் ‘எதிர்பாராத’ என்பதை அதிகாரிகள் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். தொடக்கத்திலேயே காசு போதாமல் போனவருக்கு இது உதவாது. அதனால்தான் முதல் வருடக் காசை மட்டும் கணக்கில் காட்டி, மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று கிளம்புவதை நான் ஆதரிப்பதில்லை.

நெருக்கடி வந்தால் முதலில் டிஎஸ்ஓவிடம் பேசச் சொல்லுங்கள். அவருடைய பரிந்துரையோடுதான் அமெரிக்கக் குடிவரவுத் திணைக்களத்துக்கு ஐ-765 போக வேண்டும். இங்கே பெற்றோர் செய்ய வேண்டிய வேலையும் உண்டு: வங்கிக் கூற்றுகள், வருமானம் விழுந்ததைக் காட்டும் கணக்குகள், கிராம உத்தியோகத்தரின் கடிதம், வருத்தம் என்றால் வைத்தியசாலைக் கடதாசிகள். தமிழிலோ சிங்களத்திலோ உள்ளவற்றை மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியோடு ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒரு வருடம். இடையில் பிள்ளை வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் அத்தோடு அது முடிந்துவிடும், அட்டையில் இன்னும் மாதங்கள் மிச்சமிருந்தாலும்.