பழ ஈப் பொறியைக் காலையிலேயே ஏன் கட்ட வேண்டும்?

மாந்தோப்பில் பழ ஈயைப் பிடிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு இது: ஒரு லிட்டர் தண்ணீரில் மெத்தில் யூஜினால் (ஆண் ஈயை இழுக்கும் மணப்பொருள்) 1 மி.லி., மாலத்தியான் (பூச்சிக்கொல்லி) 1 மி.லி.; பொறிக்கு 10 மி.லி. கரைசல், எக்டேருக்கு 25 இடங்கள், அதாவது ஏக்கருக்குப் பத்து. கூடவே ஒரு நேரமும் குறித்திருக்கிறார்கள்: காலை 6 முதல் 8 மணிக்குள். அளவைப் பார்த்துப் பார்த்துக் கலப்பவர்கள்கூட, ஆள் வந்து சேரும் பதினோரு மணிக்குத்தான் பொறியைக் கட்டுகிறார்கள். அங்கேதான் கோட்டை விடுகிறோம்.

பழ ஈக்குத் தன் உடலைத் தானே சூடாக்கிக்கொள்ளும் வசதி கிடையாது. இரவெல்லாம் இலையின் அடிப்பக்கம் ஒட்டிக் கிடக்கும். விடிந்து காற்று வெதுவெதுப்பானதும் பறக்கத் தொடங்கும். ஆண் ஈ மெத்தில் யூஜினாலைத் தேடி அதிகம் அலைவது முற்பகலில்தான். உச்சி வெயிலில் அடர்ந்த கிளைகளுக்குள்ளும் கீழே உள்ள புதரிலும் ஒதுங்கிவிடும். பெண் ஈ காயைத் துளைத்து முட்டையிடுவது பெரும்பாலும் பிற்பகலில். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறையும்போது இணை சேரும்.

காற்றும் காலைக்கே சாதகம். ஈ மணத்தை மோந்ததும் காற்றை எதிர்த்துப் பறந்துதான் அந்த மணம் கிளம்பும் இடத்துக்கு வந்து சேர வேண்டும். காலையில் மெல்லிய காற்று மணத்தை அறுபடாத இழைபோல இழுத்துச் செல்லும். பத்து, பதினொன்றுக்கு மேல் தரை சூடேறி, காற்று மேலெழுந்து சுழலும்போது அந்த இழை துண்டு துண்டாகிவிடும். காற்று பலமானால் ஈ கிளையை விட்டே நகராது.

இந்தக் கவர்ச்சியைக் கண்டறிந்தது பீகாரின் பூசாவில் வேலை பார்த்த ஹௌலட் என்ற பூச்சியியலாளர். சிட்ரோனெல்லா எண்ணெயை ஆண் ஈக்கள் மொய்ப்பதை 1912-இல் எழுதினார். அதற்குக் காரணம் மெத்தில் யூஜினால் என்பது 1915-இல் வெளிவந்தது. ஆண் ஈ அதை மோந்துவிட்டுப் போவதில்லை, நக்கித் தின்கிறது. தின்றதை உடலுக்குள் மாற்றி மலக்குடல் சுரப்பியில் சேர்த்து வைத்து, அந்தி நேரத்தில் இறக்கையடித்துப் பரப்பிப் பெண்ணை அழைக்கிறது. தின்ற ஆணுக்குத்தான் இணை எளிதாகக் கிடைக்கும்.

பொறியில் அதிகம் கவனிக்காத கோளாறு இங்கேதான் வருகிறது. வெயிலில் பூச்சிக்கொல்லி வீரியம் இழந்து, மணம் மட்டும் மிஞ்சியிருந்தால், ஆண் ஈ வந்து தின்றுவிட்டுத் தப்பிப் போகும். அப்புறம் பல நாளைக்கு எந்தப் பொறியையும் அவ்வளவாக நாடாது. மாலையில் ஜோடி மட்டும் சேர்ந்துவிடும். பழ ஈக்கு நாமே விருந்து வைத்த கதை! ஆகவே பொறி ஐந்தாறு அடி உயரத்தில், நிழல் விழும் கிளையில் இருக்கட்டும். தண்ணீர்க் கரைசல் சீக்கிரம் காயும். எரிசாராயம், மெத்தில் யூஜினால், மாலத்தியான் மூன்றையும் 6:4:1 விகிதத்தில் கலந்து, அதில் இரண்டு நாளாவது ஊறிய ஒட்டுப்பலகைத் துண்டு நெடுநாள் தாங்கும்.

மழை நாளில் பொறி காலியாக இருந்தால் ஈ ஒழிந்தது என்று பொருளில்லை, பறக்கவில்லை என்றுதான் பொருள். ஒரு நாள் எண்ணிக்கையை நம்பாமல் வாரக் கூட்டுத்தொகையை எடுங்கள். பக்கத்திலேயே மழை, காற்று என்று ஒரு சொல் குறித்து வையுங்கள். மண்ணில் சில செ.மீ. ஆழத்தில் கூட்டுப்புழுவாகக் கிடப்பவை ஈரம் பட்ட மண்ணிலிருந்து சுலபமாக வெளிவரும். கிருஷ்ணகிரிப் பக்கம் ஜூனில் முற்றும் நீலம் மாங்காய், முன்னால் வரும் ரகங்களைவிட அதிகம் அடிவாங்க இதுவும் ஒரு காரணம்.

பொறியில் விழுவது ஆண் மட்டுமே; பெண்ணுக்கு வேறு வழி வேண்டும். புதிதாக வெளிவந்த பெண்ணுக்கு முட்டை முதிர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் அது இரை தேடி அலையும். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும், லிட்டருக்கு வெல்லம் 10 கிராமுடன் மாமரத்துக்கு அனுமதியுள்ள பூச்சிக்கொல்லி ஒன்றைக் கலந்து அதிகாலையில் அடிமரத்திலும் இலை அடியிலும் தெளிக்க வேண்டும். அன்று மழை வரும்போலத் தெரிந்தால் தள்ளிப் போடுங்கள். ஒரு தூறலே அத்தனையையும் கழுவிவிடும். உதிர்ந்த பழங்களைப் பொறுக்கி ஆழக் குழியில் புதைக்க மட்டும் வானிலை பார்க்க வேண்டியதில்லை.