நிறைந்தபடியே திரும்பி வரும் தண்ணீர் பாட்டில்

சாயங்காலம் பிள்ளை பள்ளியிலிருந்து வந்ததும் டைரியைப் பார்க்கிறோம். டிபன் பாக்ஸைத் திறந்து மிச்சம் வைத்திருக்கிறதா என்று பார்க்கிறோம். தண்ணீர் பாட்டிலை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்தது முக்கால்வாசி அப்படியே திரும்பி வந்திருக்கும். அதைக் கொட்டிவிட்டு மறுநாள் மறுபடி நிரப்பி அனுப்புகிறோம். வேலூரில் குழந்தைகள் மருத்துவராக இருக்கும் நான், வயிற்றுவலி என்று வரும் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலில் கேட்பது இந்த பாட்டிலைப் பற்றித்தான்.

தொப்புளைச் சுற்றி வலி, சாப்பாடு இறங்கவில்லை, திங்கட்கிழமை வந்தால் வலி கூடுகிறது என்று சொல்வார்கள். அதற்குள் பூச்சி மருந்து கொடுத்திருப்பார்கள், அல்சர் என்று யாரோ சொல்லி அதற்கும் ஒரு சிரப் ஓடியிருக்கும், ஸ்கேனும் எடுத்து "நார்மல்" என்று வந்திருக்கும். வயிற்றின் இடப்பக்கம் கீழே கை வைத்துப் பார்த்தால் இறுகிப்போன மலம் விரலுக்குத் தட்டுப்படும். "தினமும் போறானா?" என்று கேட்டால் அம்மாவும் அப்பாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். நான்காம் வகுப்பு வந்த பிறகு கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளை போனதா, எப்படிப் போனது என்று யாருக்குத் தெரியும்? அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அம்மா ராணிப்பேட்டையிலோ ஆம்பூரிலோ ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், அப்பா காட்பாடியில் விடியற்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். குடியாத்தம் பக்கம் வீட்டிலேயே பீடி சுற்றும் அம்மாக்களுக்கும் காலை நேரம் ஒன்றும் சாவகாசமானதில்லை.

பிள்ளையிடம் தனியாகக் கேட்டால் விஷயம் வந்துவிடும். ஒரு பெண் குழந்தை, ஒன்பது வயது, பதற்றமே இல்லாமல் சொன்னாள்: "பாத்ரூம்ல தாழ்ப்பா இல்ல டாக்டர். ஃபிரெண்டு வெளிய நின்னு கதவப் புடிச்சிக்கணும். அவ லீவு போட்டா நான் தண்ணியே குடிக்க மாட்டேன்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அன்றைக்குத்தான் அது தெரியும். வேறு பிள்ளைகளுக்கு வேறு காரணங்கள். நாற்றம், தண்ணீர் வராத குழாய், பெரிய வகுப்புப் பையன்கள் கிண்டல் செய்வது, நடுப் பாடத்தில் எழுந்து கேட்டால் ஆசிரியர் திட்டுவார் என்ற பயம். கட்டணம் வாங்கும் பெரிய பள்ளியில் படிக்கும் பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள்.

எட்டு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை சுமாராக 270 மில்லி கொள்ளும். வயதோடு ஒன்றைக் கூட்டி 30 ஆல் பெருக்கினால் வரும் கணக்கு இது. ஒரு பெரிய டம்ளருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். காலை ஏழு மணிக்கு வேன் ஏறி மாலை ஐந்து மணிக்கு இறங்கும் பிள்ளை ஒரு தடவைகூடப் போகாமல் இருக்க வேண்டுமானால், ஒன்று தண்ணீர் குடிக்காமல் இருக்க வேண்டும், அல்லது அடக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டையும் செய்கிறார்கள். சில பெண் குழந்தைகள் திடீரென்று குந்தி, குதிகாலை அடியில் வைத்து அழுத்திக்கொண்டு அசையாமல் இருப்பார்கள். வீட்டில் இதை விளையாட்டு என்றோ கெட்ட பழக்கம் என்றோ நினைத்து அதட்டுகிறார்கள். அவசரமாக வரும் சிறுநீரைத் தடுக்கப் பிள்ளை தானாகக் கண்டுபிடித்த வழி அது. வீட்டுக்குள் நுழைந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறதா, வழியிலேயே ஜட்டி நனைகிறதா என்று பாருங்கள். நாளெல்லாம் தேங்கி நிற்கும் சிறுநீரில் கிருமி வளர்வது சுலபம். எரிச்சலும் காய்ச்சலும் அதற்கப்புறம் வருகிறவை.

மலத்தின் கதை இன்னும் நீளம். போக வேண்டும் என்ற உணர்வை அடக்கினால் கொஞ்ச நேரத்தில் அந்த உணர்வு அடங்கிவிடும், மலம் உள்ளேயே நின்றுவிடும். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவது. நிற்க நிற்க அது கல்லாகிறது. இரண்டு மூன்று நாள் கழித்துப் போகும்போது ஆசனவாய் கிழிந்து ரத்தம் வரும். வலியை ஒரு தடவை பார்த்த பிள்ளை அடுத்த தடவை இன்னும் கெட்டியாக அடக்கும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதே பிள்ளைக்குத் தெரியாமல் போய்விடும். அடைத்து நிற்கும் கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் கறையாகும். பல வீடுகளில் இதைப் பேதி என்று நினைத்துப் பேதியை நிறுத்தும் மருந்து கொடுக்கிறார்கள். அடைப்பு இன்னும் இறுகுகிறது. வேறு சில வீடுகளில் அடி விழுகிறது, "இவ்ளோ பெரிய பையன், வெக்கமா இல்ல?" என்று. தயவுசெய்து அடிக்காதீர்கள். கசிவது அந்தப் பிள்ளைக்கு உண்மையிலேயே தெரியாது. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மூக்கைப் பிடிக்கும்போதுதான் தெரியும். அந்த அவமானம் போதாதா அதற்கு?

ஆயாக்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். "வெத்தலக் காம்பு வச்சா ஆவுது, வைக்கலன்னா ஆவல" என்பார்கள். விளக்கெண்ணெயில் தோய்த்த காம்பு, சோப்புத் துண்டு, மாதம் ஒருமுறை பேதிக்குக் கொடுப்பது எல்லாம் இன்னும் நடக்கிறது. பேரப்பிள்ளை மேல் இருக்கும் பாசத்தில் செய்வதுதான். ஆனால் ஏற்கெனவே வலிக்குப் பயந்து அடக்கும் பிள்ளைக்கு அந்த இடத்தில் கை வைப்பது பயத்தை இரட்டிப்பாக்கும். சோப்பு உட்புறத் தோலை அரிக்கும். விட்டுவிடுங்கள்.

சரி, நேரமே இல்லாத வீட்டில் என்ன செய்வது?

சாப்பிட்டவுடன் குடல் தானாக அசையத் தொடங்கும். அடுத்த அரைமணி நேரம்தான் கழிவறையில் உட்கார நல்ல நேரம். நம் வீடுகளில் அந்த அரைமணி நேரத்தைப் பிள்ளை வேனில் கழிக்கிறது. எல்லாரும் காலையில்தான் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறோம். பல் தேய்த்த கையோடு, வெறும் வயிற்றில், "சீக்கிரம், வேன் வந்துடும்" என்று கதவைத் தட்டினால் யாருக்கும் வராது. காலையில் இருபது நிமிடம் முன்னதாக எழுப்ப முடிந்தால் நல்லது. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரத் தூக்கமாவது வேண்டும், ஆகவே முந்தின இரவு ஒன்பது மணிக்குள் படுக்க வைத்தால்தான் அது நடக்கும். முடியாதா? காலையை விட்டுவிடுங்கள். சாயங்காலம் டிபன் சாப்பிட்ட பிறகோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகோ உட்கார வைக்கலாம். உடம்பு அந்த நேரத்துக்குப் பழகிக்கொள்ளும். தினமும் ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். என்னிடம் வரும் குடும்பங்களில் இந்த ஒரு மாற்றத்தைத்தான் மிக எளிதாகச் செய்கிறார்கள், பலனும் நன்றாகத் தெரிகிறது.

ஐந்திலிருந்து பத்து நிமிடம் போதும். கையில் போன் கூடாது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் அந்தரத்தில் தொங்கக் கூடாது, பாதத்துக்குக் கீழே ஒரு சின்ன ஸ்டூல் போட்டு முழங்காலை இடுப்புக்கு மேல் உயர்த்துங்கள். குந்தி உட்காரும் பழைய கழிவறை இருந்தால் இந்தக் கவலையே இல்லை. போனாலும் போகாவிட்டாலும், உட்கார்ந்ததற்காகப் பாராட்டுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். கிளம்பும் முன் ஒரு டம்ளர், வீடு திரும்பியதும் ஒரு டம்ளர், இவை நம் கண் முன்னால் நடக்கட்டும். பள்ளியில் மதியத்துக்குள் பாதி பாட்டில், வேன் ஏறுவதற்குள் மீதி என்று பாட்டிலில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தால் சின்னப் பிள்ளைகள் ஆர்வமாகக் குடிப்பார்கள். எட்டு வயதுக்குத் தண்ணீர், மோர், ரசம் எல்லாமாகச் சேர்த்து நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். நாற்பது டிகிரியைத் தாண்டும் நம் ஊர் வெயில் காலத்தில் இன்னும் கூடுதலாக. அளந்துகொண்டிருக்க நேரமில்லை என்றால் சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், வெளிர் மஞ்சள் என்றால் போதுமானது. பி காம்ப்ளெக்ஸ் டானிக் குடிக்கும் பிள்ளைக்கு எப்படியும் அடர் மஞ்சளாகத்தான் போகும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சாப்பாட்டில் பெரிய மாற்றம் தேவையில்லை. கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் நம் வட ஆற்காட்டுச் சாப்பாடுதானே? வாரத்தில் இரண்டு நாளாவது அது தட்டுக்கு வரட்டும். புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்தரிக்காய் வேலூரில் விளைகிறது, அதை நம் பிள்ளைகள்தான் ஒதுக்கி வைக்கிறார்கள். கொய்யா, பப்பாளி, சுண்டல், வேர்க்கடலை எதுவானாலும் ஸ்நாக்ஸ் டப்பாவில் பிஸ்கட்டின் இடத்தில் இருக்கட்டும். பால் நாளைக்கு இரண்டு டம்ளர் போதும். அதற்கு மேல் கொடுத்தால் பசியும் கெடும், மலமும் இறுகும்.

ஏற்கெனவே அடைத்துக்கொண்ட பிள்ளைக்கு உணவும் தண்ணீரும் மட்டும் போதாது, மருந்து வேண்டும். லாக்டுலோஸ் சிரப்பும் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரும் மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குகின்றன. நாலு நாள் நன்றாகப் போனதும் "பழகிடும் டாக்டர்" என்று நிறுத்திவிடுகிறார்கள். விரிந்த மலக்குடல் பழைய அளவுக்குச் சுருங்க மாதங்கள் ஆகும். இந்த மருந்துகளுக்குக் குடல் அடிமையாவதில்லை. பாதியில் நிறுத்துவதால்தான் பிரச்சினை திரும்பி வருகிறது.

படுக்கையில் சிறுநீர் போகும் பிள்ளைகளுக்கும் மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது. அதைச் சரிசெய்தாலே பலருக்கு இரவு நனைவது குறைந்துவிடும். இரவில் நனைகிறது என்று பகல் முழுக்கத் தண்ணீரைக் குறைப்பது தவறு. பகலில் நன்றாகக் குடிக்கட்டும், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்தால் போதும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. இதுவரை நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்கிறது, ஓயாமல் தாகம், உடம்பு இளைக்கிறது என்றால் அன்றைக்கே ரத்தச் சர்க்கரையைப் பார்த்துவிடுங்கள். முதல் வகை நீரிழிவு பிள்ளைகளுக்கு இப்படித்தான் தொடங்கும், நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல், பச்சை நிற வாந்தி, வயிறு வீங்குவது, எடை ஏறாதது, இவற்றுக்கும் உடனே மருத்துவரைப் பாருங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை பள்ளிக் கழிவறை என்றாலே நடுங்கினால், அங்கே யார் என்ன செய்தார்கள் என்று கோபப்படாமல், மெதுவாகக் கேளுங்கள். சந்தேகம் வந்தால் 1098 குழந்தைகள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும்.

அப்புறம், பள்ளி. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வகுப்பில் உட்காரும் நிலை மாறியதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. கூடவே ஒன்றையும் யோசிக்க வேண்டும். பள்ளியில் சாப்பிட்டால் குடல் அசைவதும் பள்ளியில்தான், அதுவும் முதல் பீரியடில். அந்த நேரத்தில் கழிவறை திறந்திருக்க வேண்டும், வாளியில் தண்ணீர் இருக்க வேண்டும், போகட்டுமா என்று கேட்கும் பிள்ளையை அனுப்ப வேண்டும். கேரளத்தில் 2019-லேயே தண்ணீர் குடிக்கத் தனி மணி அடிக்க ஆரம்பித்தார்கள், 2025-ல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் அது வந்தது. குடிக்க மணி அடித்தால் மட்டும் போதாது, போக இடமும் வேண்டும்.

2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறையையும் குடிநீரையும் ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம். கூட்டத்துக்குப் போனால் மார்க்கைக் கேட்பதற்கு முன் தாழ்ப்பாளைக் கேளுங்கள், சோப்பைக் கேளுங்கள், வளர்ந்த பெண் குழந்தைகளுக்கு நாப்கின் போட மூடி வைத்த தொட்டி இருக்கிறதா என்று கேளுங்கள். தனியார் பள்ளி என்றால் வகுப்பாசிரியருக்கு டைரியில் இரண்டு வரி எழுதினாலே பெரும்பாலும் வேலை நடக்கும்: "மருத்துவர் சொல்லியிருக்கிறார், கேட்கும்போது அனுப்பிவிடுங்கள்." நம்ப மறுத்தால் உங்கள் மருத்துவரிடம் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோருக்கு நான் உடனே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.