சிங்கிள் மால்ட்: எது ‘சிங்கிள்’?

வெளிநாட்டுத் தொடர்களின் தமிழ் வசன வரிகளிலும், விஸ்கிக்கு ருசி சொல்லும் யூடியூப் காணொளிகளிலும் ‘ஒற்றைத் தானிய விஸ்கி’ என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சிங்கிள் மால்ட்டைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். முதல்முறையாக ஸ்காட்ச் வாங்கக் கிளம்பிய வியாசர்பாடி நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அப்போ மத்ததுல இன்னா, ரெண்டு மூணு தானியம் போட்டு ஏமாத்துறானா?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

விஸ்கி என்பது ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ‘உயிர்நீர்’ என்று பொருள்படும் தொடரின் முன்பாதி தேய்ந்து வந்த சொல். 1494-ஆம் ஆண்டு அரசுக் கணக்கிலேயே, ஜான் கோர் என்ற துறவிக்கு உயிர்நீர் காய்ச்ச மால்ட் கொடுத்த பதிவு உண்டு. மால்ட் என்றால், ஊறவைத்து முளைகட்டி உலர்த்திய தானியம். முளைவிடும்போது உண்டாகும் நொதிகள்தான் பிறகு வெந்நீரில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். அந்தச் சர்க்கரை நொதித்தால் சாராயம். ஸ்காட்ச்சில் மால்ட் என்றாலே பார்லி மால்ட். சரி, இது போதும்.

தகராறு ‘சிங்கிள்’ பற்றியது. அந்த ஒன்று தானியத்தை எண்ணவில்லை. காய்ச்சிய ஆலையை எண்ணுகிறது. ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கி என்றால் சிங்கிள் மால்ட். அந்த ஆலையின் பல பீப்பாய்களை ஒன்றாகச் சேர்த்துத்தான் பெரும்பாலும் புட்டியில் அடைக்கிறார்கள். ஒரே பீப்பாய் விஸ்கிக்கு ‘சிங்கிள் காஸ்க்’ என்று வேறு பெயர் இருக்கிறது.

‘ஒற்றைத் தானியம்’ என்று எழுதுகிறவரிடம் கேட்கிறேன்: சிங்கிள் கிரெயின் என்று சட்டப்படியே இன்னொரு வகை இருக்கிறதே, அதை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்? ஹெய்க் கிளப் என்ற ஸ்காட்ச் அந்த வகைதான். வேடிக்கை என்னவென்றால், அதில் பார்லி மால்ட்டோடு கோதுமையோ மக்காச்சோளமோ வேறு சேரலாம். அங்கேயும் ‘சிங்கிள்’ ஆலையைத்தான் குறிக்கிறது. ‘தனி மால்ட்’ என்பாரும் உண்டு. குடிப்பவர் காதில் அது ‘ராவாக’ என்று விழும். ‘தூய மால்ட்’ இன்னும் மோசம். ஸ்காட்ச் லேபிளில் அந்தப் பொருளுள்ள ஆங்கிலத் தொடரையே 2009-ஆம் ஆண்டு விதிகள் தடை செய்துவிட்டன.

என் கட்சி ‘ஓராலை மால்ட்’. வடிசாலை என்ற சொல் துல்லியம்தான், ஆனால் ‘ஒருவடிசாலை’ வாயில் நுழையாது. சாராய ஆலை என்று செய்தித்தாள் எழுதுகிறது, எல்லாருக்கும் புரிகிறது. மால்ட்டை ஏன் விட்டுவைத்தாய் என்று தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். தண்டையார்பேட்டையில் காலையில் தள்ளுவண்டி முன் நின்று ராகி மால்ட் குடிப்பவரிடம் போய் ‘முளைவாற்கோதுமை’ என்று சொல்லிப் பாருங்கள். மளிகைக்கடையிலேயே வாற்கோதுமை பார்லிதான்.

இதைவிட எரிச்சல் தருவது, பிளெண்டட் விஸ்கியைக் ‘கலப்பட விஸ்கி’ என்று எழுதுவது. பாலில் தண்ணீர் ஊற்றுவது கலப்படம். பல ஆலைகளின் மால்ட் விஸ்கியையும் கிரெயின் விஸ்கியையும் அளவு பார்த்துச் சேர்ப்பது கலவை. ஜானி வாக்கர் பிளாக் லேபிள் கலவை விஸ்கி. அதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த வரிக்கு ஓடுகிற மொழிபெயர்ப்பாளர்களால் வந்த வினை இது. ‘கலப்படம்’ என்ற பயத்தில், கிளாஸில் நாலு சொட்டுத் தண்ணீர் விடக்கூட நண்பர் யோசிக்கிறார். நாற்பது சதவீதத்துக்குக் குறையாத சாராயச் சத்து மூக்கைச் சுடும்போது, அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் வாசனையைப் பிரித்துக் காட்டும்.

‘12 இயர்ஸ்’ என்பதைப் ‘பன்னிரண்டு ஆண்டுப் பழைய புட்டி’ என்று தமிழாக்குவதும் தவறு. புட்டிக்குள் போனபின் விஸ்கிக்கு வயது ஏறாது. உள்ளே சேர்த்ததில் மிக இளையது ஓக் பீப்பாயில் கிடந்த காலம் அது. நண்பருக்குப் புகைவாடை ஒத்துக்கொள்ளாது, அதனால் லஃப்ராய்க் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். கிளென்ஃபிடிக் 12 வாங்கினார். ஓராலை மால்ட்.